வெங்கச்சங்கல் பொறுக்கப் போன நாள்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, வருகைப் பதிவேடு என்று பேசியே பழகிவிட்ட எங்களை இன்றைக்குக் கல்லைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "கல்லு பொறுக்கப் போனீங்களாமே மேடம், அதச் சொல்லுங்க" என்று வாசலிலேயே நாலைந்து பேர் பிடித்துக்கொண்டீர்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். பதினான்கு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை விட்டுவிட்டு, புளிசோறு கட்டிக்கொண்டு, கல் பொறுக்கப் போனார்கள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஏன் போனோம், என்ன கொண்டுவந்தோம் என்று முழுசாகக் கேளுங்கள். அப்புறம் சிரிக்கலாம்.

போன வருஷம் நம் குழு ஒன்றில் ஒரு தங்கச்சி ஸ்படிக மாலை வியாபாரம் செய்ய 18,000 ரூபாய் உள்கடன் வாங்கினாள். பெயர் வேண்டாம். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அனுமதியோடுதான் சொல்கிறோம். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, "அசல் ஸ்படிகம், இமயமலைக் கல்லு. மாலை முந்நூறுக்குத் தர்றேன், திருவிழாக் கூட்டத்துல நீங்க அறுநூறுக்கு விக்கலாம்" என்று ஆசை காட்டியிருக்கிறார். 60 மாலை வாங்கினாள். பத்து நாளில் எட்டு மாலை விற்றது. எட்டாவது மாலையை வாங்கியவர் தெரிந்த நகைப் பட்டறையில் காட்டியிருக்கிறார். "இது கண்ணாடிம்மா" என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் ஊருக்குள் பரவியது. எட்டுப் பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வியாபாரியின் செல்போன் அதற்கப்புறம் எடுக்கப்படவே இல்லை.

இதில் எங்கள் தவறு ஒன்று இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடனுக்குத் தீர்மானம் போட்ட அன்றைக்கு நாங்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். "புதுத் தொழில், நல்ல யோசனை" என்று கைதட்டினோம். பொருள் என்ன, அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமூகப்பணி படித்திருக்கிறோம், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தங்கச்சி மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனோம். போனவுடன் என்ன கேட்டோம் தெரியுமா? தவணையைக் கேட்டோம். "எப்படி இருக்கே?" என்று கேட்கவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள்: "பணம் போனதுகூடப் பரவால்ல மேடம், கூலி வேலை பாத்துக் கட்டிருவேன். பாறைக்குப் பக்கத்துலயே பொறந்து வளந்தவ நானு. கல்லுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சேன்னுதான் வெளிய தலகாட்ட முடியல."

இந்த வார்த்தை எங்களைத் தூங்கவிடவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளவயதில் கல் குவாரியில் வேலை பார்த்தவர். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஸ்படிகம் ஸ்படிகம்ங்கிறீகளே, அது என்னாத்தா வானத்துல இருந்தா வருது? நம்ம வெங்கச்சங்கல்லுதேன். தெளிஞ்சு போய்க் கெடந்தா அது ஸ்படிகம். எங்க கெடக்கும்னு நான் காட்டுறேன், வாங்க" என்றார்.

அப்படித்தான் அந்தப் பயணம் முடிவானது. கல்லூரியில் நிலவியல் படித்த எங்கள் தோழி ஒருவரையும் கூப்பிட்டோம். அவர் ஒரு பூதக்கண்ணாடியும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது. கோயிலுக்கு என்றால் விடுவார்கள், துக்கத்துக்கு என்றால் விடுவார்கள். சும்மா தோழிகளோடு ஒரு நாள் சுற்றிவர என்றால்? "கல்லு பாக்கவா? அதுக்கு ஒரு பயணமா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். நம் உறுப்பினர், "பயிற்சி" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். அது பொய்யில்லை. உண்மையிலேயே பயிற்சியாகத்தான் அமைந்தது.

காலை 7 மணிக்குக் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறினோம். முதலில் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். ஆனாலும் எங்களில் ஆறு பேர் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளைப் பார்த்தோம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்து அங்கே வெட்டியிருக்கிறது. படுக்கையின் வழவழப்பைப் பார்த்த மூத்த அம்மா, "உளி புடிச்சவன் கை நல்ல கை" என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஒரு கல்லைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். குடுமியான்மலையோ நார்த்தாமலையோ, பழைய கோயிலும் கல்வெட்டும் உள்ள எந்த இடத்திலும் உடைப்பதும் கிறுக்குவதும் எடுப்பதும் குற்றம். பார்ப்பதற்கு மட்டும்தான் போனோம்.

கீழே இறங்கி வந்ததும் தோழி ஒரு சாதாரண ஜல்லித் துண்டை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். "இதுல எத்தன கல்லு இருக்கு, சொல்லுங்க?" என்றார். ஒன்றுதானே என்றோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் மூன்று! சாம்பல் நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளப்பது ஒன்று. வெள்ளையாகவோ சதை நிறமாகவோ, தட்டையான முகத்தோடு இருப்பது இன்னொன்று. கறுப்பாக மின்னி, நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரிந்து வருவது மூன்றாவது. "அட, இது காக்காப்பொன்னு!" என்று ஒருவர் கத்தினார். ஆமாம், நாம் சின்ன வயதில் விளையாடிய காக்காப்பொன்தான்.

அந்தக் கண்ணாடிச் சில்லு போன்றதுதான் வெங்கச்சங்கல். வெயிலிலும் மழையிலும் பாறை சிதையும்போது மற்றதெல்லாம் மெல்ல மெல்லக் களிமண்ணாகிவிடும். வெங்கச்சங்கல் மட்டும் அழியாது, உருண்டு உருண்டு மணலாகும். நம் வெள்ளாற்று மணலில் பெரும்பகுதி இதுதான். வீடு கட்டுகிறோமே, அந்த மணல். வாசலில் கொட்டி வைத்து லோடு கணக்குப் பார்க்கிறோமே, அதே மணல்.

"அப்போ ஸ்படிகம்?" என்று கேட்டோம். பூமிக்கு அடியில் ஆழத்தில் சூடான நீர் இருக்கிறது. அந்த நீரில் இந்த வெங்கச்சங்கல்லின் சத்து கரைந்திருக்கும். பாறை வெடிப்புக்குள் அந்த நீர் புகுந்து மெதுவாக ஆறும்போது வெடிப்பு முழுவதும் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். பாறையில் வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. அந்த வெடிப்புக்குள் எங்காவது காலி இடம் இருந்தால், அங்கே நெருக்கடி இல்லாமல் ஆற அமர வளரும். ஆறு பட்டை, நுனியில் கூர். யாரும் தீட்டாமலே பட்டை. அதுதான் படிகம், பளிங்கு, ஸ்படிகம். என்ன பெயர் சொன்னாலும் ஒன்றுதான். வளர்வதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "பொம்பளைக்கும் அதான வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பதினோரு மணிக்கு நம் உறுப்பினர் ஒருவரின் பட்டா நிலத்துக்குப் போனோம். அங்கே பல வருஷத்துக்கு முன் கிணறு வெட்டி எடுத்த கல் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. மூத்த அம்மா சொன்ன இடம் இதுதான். "கெணத்து மேட்டுல பாரு. அடியில இருந்த கல்லு மேல வந்து கெடக்கும்" என்றார். ஒன்று சொல்லிவிட வேண்டும். புறம்போக்கு, குவாரி, ஓடை, மலை என்று எங்கும் போய்க் கல் தோண்டிவிட முடியாது. அனுமதியில்லாமல் கனிமம் எடுப்பது சட்டப்படி குற்றம். நாங்கள் தோண்டவில்லை, வெடிக்கவில்லை. சொந்தக்காரர் சம்மதத்தோடு, ஏற்கெனவே வெளியே கிடந்த குவியலில் கையளவு பொறுக்கினோம். அவ்வளவுதான்.

இறங்குவதற்கு முன் சில விதிகள் போட்டுக்கொண்டோம். கிணற்றுப் பக்கமும், தண்ணீர் நிற்கும் குவாரிக் குழிப் பக்கமும் யாரும் போகக் கூடாது. கல்லைப் புரட்டும்போது அந்தப் பக்க விளிம்பைத் தூக்கி நம் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அடியில் தேளோ பாம்போ இருந்தால் அது எதிர்ப்பக்கம் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரும் சுத்தியல் தொடக் கூடாது, ஏனென்றால் வெங்கச்சங்கல் சில்லு பிளேடு மாதிரி தெறிக்கும். தட்டுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கல்லை நனைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் வெள்ளைக் கல். வெயில் ஏறியது. "இதுக்கா வந்தோம்?" என்று முணுமுணுப்பு கிளம்பியது. மூத்த அம்மா மட்டும் அவசரப்படாமல், துருப்பிடித்தது போல் செம்மண் அப்பிய கட்டிகளாகப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். "பொக்கை உள்ள கல்லாப் பாருங்கடி. பொக்கைக்குள்ளதான் இருக்கும்" என்றார். குடத்துத் தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார். அந்தப் பொந்துக்குள் அரிசி அரிசியாக ஏதோ மின்னியது. அத்தனை பேரும் தலையை நீட்டினோம். ஒவ்வொன்றும் ஆறு பட்டை. ஒவ்வொன்றுக்கும் கூர் நுனி. ஒரு பொக்கைக்குள் ஒரு சின்னப் படிகத் தோட்டம்.

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது! புளிசோற்றை மறந்துவிட்டார்கள். இரண்டு மணி வரை தேடிப் பதினொரு படிகம் எடுத்தோம். பெரும்பாலும் நகத்தளவு. ஒன்று மட்டும் சுண்டுவிரல் நீளம், லேசாகப் புகை படிந்த நிறம். அதை எடுத்தது யார் தெரியுமா? அந்த மாலைத் தங்கச்சிதான்.

சாப்பிடுவதற்கு முன் மூத்த அம்மா ஒரு வேடிக்கை காட்டினார். எங்களைப் பம்புசெட் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இருட்டு. இரண்டு வெங்கச்சங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தார். கல்லுக்குள் மஞ்சளாக வெளிச்சம் மினுக்கியது! கருகிய வாடை வேறு. சிலர் சின்ன வயதில் செய்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பதினான்கு பெண்களும் குழந்தையாகிவிட்டோம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. உரசும்போதும் உடையும்போதும் இந்தக் கல் ஒளிவிடும், இது அதன் இயல்பு. ஆனால் இதே வேடிக்கையை ஒருவன் உங்களிடம் காட்டி, "நாகரத்தினம்", "இரிடியம்", "அரிசி இழுக்கும் கலசம்" என்று சொல்லிப் பணம் கேட்டால்? தெரியாதவர் ஏமாந்துவிடுவார். தெரிந்தவர் கதவைச் சாத்துவார்.

வேப்பமர நிழலில் சாப்பிட்டோம். அப்போதுதான் மூத்த அம்மா தன் கதையைச் சொன்னார். அவர் வாய்மொழியிலேயே தருகிறோம்:

"அப்பல்லாம் காண்ட்ராக்டர்கிட்ட முன்பணம் வாங்கிட்டா அவ்வளவுதேன். ஒடைக்க ஒடைக்கக் கடன் ஏறுமே தவிரக் கொறையாது. எத்தன லோடு போச்சு, என்ன வெல போச்சு, எங்களுக்கு என்னா தெரியும்? அவுக சொன்னதுதேன் கணக்கு. அப்பறந்தான் அறிவொளி வந்துச்சு. கையெழுத்துப் போடப் படிச்சோம். லோடு எண்ணி எழுதப் படிச்சோம். குவாரிய எங்க பேருக்கே குத்தகைக்கு விட்டாக. மொத மொதல்ல வெலைய நாங்க சொன்னோம். அன்னிக்கி நான் வாங்குன சம்பளத்துல என் மகளுக்கு ஒரு பாவாடை எடுத்தேன்."

இளைய உறுப்பினர்கள் பலருக்கு இந்த வரலாறு தெரியாது. 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது அப்போதுதான். அதே காலத்தில் மாவட்டத்தின் கல் குவாரிகள் பலவும் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கொத்தடிமை போல் கிடந்த பெண்கள் குத்தகைதாரர் ஆனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தப் பெண்களைப் பற்றி எழுதி, உலகமே படித்தது. அந்த நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை என்பதும் உண்மை. குவாரிகள் மெல்ல மெல்லக் கைநழுவிப் போயின. "குத்தகை போச்சு, ஆனா எண்ணத் தெரிஞ்சது போகலத்தா" என்றார் மூத்த அம்மா.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தோம். மூச்சு வாங்கி, "கல்லு எனக்குள்ளயும் கொஞ்சம் கெடக்குத்தா" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லை நனைக்கச் சொன்னோமே, காரணம் இதுதான். வெங்கச்சங்கல் கலந்த கல்லைக் காய்ந்தபடி உடைத்தாலோ, அறுத்தாலோ, துளையிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தால் நுரையீரலில் படிந்து தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்துவிட்டால் முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும். காசநோய் வரும் வாய்ப்பையும் இது கூட்டும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது, அந்த நுண்தூசி துணிக்குள் புகுந்துவிடும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவதும், தூசிக்கென்றே செய்த முகமூடி போடுவதும்தான் பாதுகாப்பு. கிரஷரிலும் குவாரியிலும் வேலை பார்க்கும் சகோதரிகள் இதை முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது, "இருமல்" என்று மட்டும் சொல்லாமல், "இத்தனை வருஷம் கல் வேலை பார்த்தேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார். அடுத்த வாரமே மூத்த அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் அந்தத் தங்கச்சி தன் பையைத் திறந்தாள். ஒரு மஞ்சள் துணி மூட்டை. உள்ளே அந்த மாலைகளில் ஒன்று. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. "இத எப்படிப் பாக்கணும்னு எனக்கே சொல்லிக்குடுங்க" என்றாள்.

தோழி சொல்லச் சொல்ல அவளே செய்தாள். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது குளிர்ச்சி. நிழலில் சிறிது நேரம் வைத்துவிட்டு இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படிகம் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி நீடிக்கும். கண்ணாடி சீக்கிரம் சூடாகிவிடும்.

இரண்டாவது உள்ளே பார்ப்பது. பூதக்கண்ணாடியில் வட்டமான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. இயற்கைப் படிகத்துக்குள் மெல்லிய மேகம் போலவோ, இறகு போலவோ கோடுகள் இருக்கலாம். மாலையின் எல்லா மணியும் ஒரே மாதிரி, ஒரு மாசும் இல்லாமல், விலையும் மலிவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது கீறல். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிறார்கள். வைரம் 10. வெங்கச்சங்கல்லும் ஸ்படிகமும் 7. கண்ணாடி சுமார் ஐந்தரை. நம் நகம் இரண்டரை. கடினமானது மென்மையானதைக் கீறும். அவள் தான் கண்டெடுத்த சுண்டுவிரல் படிகத்தின் நுனியால் அந்த மாலையின் ஒரு மணியை லேசாக அழுத்தி இழுத்தாள். வெள்ளைக் கோடு விழுந்தது. விரலால் துடைத்தாள். கோடு போகவில்லை. திருப்பி அந்த மணியால் படிகத்தைக் கீறினாள். ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவள் கண்ணில் தண்ணீர். "இவ்ளோதானா? அஞ்சு நிமிஷ வேலை. இத அன்னிக்கி யாராச்சும் சொல்லியிருந்தா..." என்றாள்.

அந்த "யாராச்சும்" எங்களைத்தான் குத்தியது. குத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.

தோழி ஓர் எச்சரிக்கையும் சொன்னார். தொழிற்கூடத்தில் வளர்த்த செயற்கைப் படிகமும் உண்டு. அதுவும் ஏழுதான் காட்டும், அதுவும் சில்லென்றுதான் இருக்கும். நம் சோதனை கண்ணாடியைப் பிடிக்கும், செயற்கைப் படிகத்தைப் பிடிக்காது. பெரிய தொகை என்றால் கல் சோதனைக் கூடத்தில் சான்று வாங்காமல் தொடக் கூடாது.

"மணலும் ஸ்படிகமும் ஒண்ணு, கண்ணாடியும் மணல உருக்கிச் செய்யறதுதான், பின்ன ஏன் இவ்ளோ வித்தியாசம்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படிகம் என்பது புள்ளி வைத்து வரிசை தப்பாமல் போட்ட கோலம். கண்ணாடி என்பது அதே மாவை அவசரத்தில் வாரி இறைத்தது. மாவு ஒன்றுதான், வரிசைதான் வேறு.

எங்களோடு வந்த இன்னொரு உறுப்பினர் வீட்டிலிருந்தே செயற்கைக் கல் பட்டை தீட்டியவர். திருச்சியைச் சுற்றியும் நம் மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பட்டைச் சக்கரம் ஓடியது உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னார்: "பத்து வருஷம் தீட்டுனேன். கல்லுக்கு இத்தனை பைசான்னு கூலி. அது என்ன கல்லு, எங்க போவுது, என்ன வெலைக்குப் போவுதுன்னு ஏஜெண்டு ஒருநாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல." அவர் தீட்டியது அமெரிக்கன் டைமண்ட். தொழிற்சாலையில் செய்யும் கல், கடினம் எட்டுக்கு மேல். அன்றைக்குத்தான் அதன் விவரம் அவருக்குத் தெரிந்தது.

கவனித்தீர்களா சகோதரிகளே? ஒருவர் கல்லைச் சுமந்தார், ஒருவர் கல்லைத் தீட்டினார், ஒருவர் கல்லை விற்றார். மூன்று பேருக்கும் அது என்ன கல் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தவன் விலை வைத்தான். தெரியாதவர் உழைத்தார், ஏமாந்தார், வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் இவர்களா?

நமக்குக் கல் அறிவு புதிதும் அல்ல. 1898-ல் ஆலங்குடிப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரு பானை நிறைய ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன, 501 காசு. அந்தக் காலத்தில் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும், காங்கேயம் பக்கத்து நீலப்பச்சைக் கல்லுக்கும் ரோமாபுரித் தங்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2023-ல் நம் பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சூதுபவள மணி கிடைத்தது. சூதுபவளமும் வெங்கச்சங்கல் குடும்பம்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கல்லை இழைத்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள். அதோ, இந்த மண்டபச் சுவரில் ஓடுகிறதே கடிகாரம், அதற்குள்ளும் ஒரு துளிப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்துதான் நேரம் காட்டுகிறது. நாம் காலால் எத்திவிட்டுப் போகும் கல்லின் சொந்தக்காரன் அது.

சரி, பதினொரு படிகம் கிடைத்ததே, எவ்வளவுக்கு விற்றோம் என்று கேட்பீர்கள். விற்கவில்லை. விற்கும் தரத்திலும் இல்லை, விற்பதற்காகப் போகவும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் கடப்பாரையோடு கிளம்பிவிடாதீர்கள்! பிள்ளைகளுக்குக் கொண்டுபோனோம். பள்ளிக்கூடத்தில் காட்டி, "எங்கம்மா கண்டுபிடிச்சது" என்று ஒரு பையன் சொன்னானாம். அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விற்காவிட்டாலும் அந்த ஒரு நாளால் குழுவில் சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அந்தத் தங்கச்சி மறுவாரமே கூட்டத்துக்கு வந்தாள். கடனை அவள் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை, தீர்மானம் எல்லோரும் சேர்ந்து போட்டதுதானே என்று குழு பேசி முடிவெடுத்தது. வட்டியைத் தள்ளி, தவணையை நீட்டினார்கள். மீதமிருந்த மாலைகளைக் "கண்ணாடி மணி மாலை" என்று உண்மையைச் சொல்லியே அறுபது ரூபாய்க்கு விற்றாள். அதற்கும் ஆள் இருந்தது. இன்றைய தேதியில் பாக்கி 6,200 ரூபாய். தவணை தவறவில்லை.

அதோடு தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி எழுதினோம். எந்தப் பொருளை வாங்கி விற்கக் கடன் கேட்டாலும் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, அந்தப் பொருள் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். விற்பவரின் முகவரியும் ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. கடன் சிக்கலானால் வீட்டுக்குப் போகிறவர்கள் தவணையைக் கேட்பதற்கு முன் நலம் விசாரிக்க வேண்டும். மூன்றாவது வரி எங்களுக்காக நாங்களே கேட்டு எழுத வைத்தது.

மற்ற குழுக்களும் இதைப் பேசிப் பாருங்கள். கல்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. விதையாகட்டும், சேலையாகட்டும், மசாலாப் பொடியாகட்டும், தங்க முலாமாகட்டும், உங்கள் குழுவிலேயே அதை அறிந்த ஒரு மூத்த கை இருக்கும். அந்த அம்மாவை ஒருநாள் முன்னால் உட்கார வையுங்கள். செலவு பஸ் நேரமும் புளிசோறும்தான்.

போன வாரம் மூத்த அம்மாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம். அந்தத் தங்கச்சியும் வந்தாள். படுக்கையிலிருந்தபடியே அவர் கேட்ட முதல் கேள்வி: "அடுத்து எப்பத்தா கெளம்புறோம்? இந்தத் தடவ புதுசா நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்சத நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?"

தை மாதம், அறுவடை முடிந்ததும் கிளம்புகிறோம். வர விரும்புகிறவர்கள் உங்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் கேட்டால் பயிற்சி என்று சொல்லுங்கள்.